பந்தயத் தடத்தில் டயர்க் காற்று: நான் பணம் கொடுத்துக் கற்ற கணக்கு

கடந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரவு பதினொன்றரை மணிக்கு, சிங்கம்புணரியைத் தாண்டித் திருப்பத்தூருக்கு வரும் சாலையில், முன்பக்க இடது டயர் வெடித்த காரை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் ரிம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காரைக்குடியிலுள்ள என் வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட மீதமில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தால், அதை நான் வாங்கிய நாளிலிருந்து யாரும் சோதித்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விரலால் அழுத்தினாலே உள்ளே போகும் அளவுக்குக் காற்றிறங்கிக் கிடந்தது. திருப்பத்தூரிலிருந்து இழுவை வண்டி வந்து சேர நள்ளிரவு ஒன்றே கால் ஆயிற்று. முன்பக்க டயர்கள் இரண்டுக்கு 11,400 ரூபாய், ரிம்முக்கு 4,200, இழுவை வண்டிக்கு 3,500, உருப்படியாக ஒரு சுற்றுகூட ஓட்டாமல் வீணான தடக் கட்டணம் 6,500 என்று, அந்த ஒரு நாளில் 25,600 ரூபாய் போயிற்று. இவ்வளவுக்கும் காரணம் டயரிலிருந்த காற்று. அதைவிடச் சரியாகச் சொன்னால், அந்தக் காற்றை நான் எந்த நேரத்தில் அளந்தேன், எந்த நேரத்தில் அளக்கவில்லை என்பது.

நான் காரைக்குடியில் வன்பொருள் கடை வைத்திருப்பவன். பந்தய வீரன் அல்லன். நாற்பது வயதை நெருங்கும்போது, சொந்தக் காரைப் பாதுகாப்பான இடத்தில் ஒரு முறையாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்த சாதாரண ஆள். கார், முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக். டயர் அளவு 185/65 ஆர்15. செட்டிநாட்டில் அகலமான நேர்ச்சாலைகள் இருக்கின்றன, கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்கூடக் கிடக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அது ஓட்டிப் பார்க்கும் இடமன்று. எங்களுக்குச் சற்று எட்டும் தொலைவில் இருப்பது கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003 முதல் இயங்கிவரும் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதனின் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் தடம். பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாள் ஒன்று அறிவிக்கப்பட்டதும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை, கடைவீதி முனையிலுள்ள பஞ்சர் கடையில் காரை நிறுத்தினேன். இதே தடத்தில் ஒரு முறை ஓட்டியதாகச் சொன்ன நண்பர் ஒருவர், "டிராக்குக்குப் போறப்ப காத்தைக் கூட்டி வைக்கணும், அப்பத்தான் டயர் மடங்காது" என்று சொல்லியிருந்தார். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 44 என்று அச்சாகியிருப்பதையும் அவரே காட்டியிருந்தார். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் நான்கு டயருக்கும் 32 என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் 38 வைத்தால் தவறாகாது என்பது என் கணக்கு. கடைக்கார அண்ணன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, "முப்பத்தெட்டா? லோடு ஏத்தப் போறியளா தம்பி?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதற்கும் உங்கள் காருக்கு ஏற்ற அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. காரின் எடையையும் அமைப்பையும் கணக்கிட்டு எழுதப்பட்டது கதவுத் தூணிலுள்ள எண்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். காற்றழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. என்ற அலகை அந்தக் கடையில் பவுண்டு என்றே சொல்வார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் காலை முதல் செஷன். முதல் இரண்டு சுற்றுகள் மெதுவாக ஓட்டினேன், மூன்றாவது சுற்றில் கார் கையில் நன்றாக உட்கார்ந்தது போலிருந்தது, மனம் பறந்தது. ஐந்தாவது சுற்றிலிருந்து முன்பக்கம் சோப்பு தடவிய தரையில் போவதைப் போல வழுக்கத் தொடங்கியது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் திருப்பத்தின் வெளிப்பக்கத்தையே தேடிப் போயிற்று. குறை என் ஓட்டுதலில்தான் என்று நினைத்து இன்னும் அழுத்தமாகத் திருப்பினேன். ஏழாவது சுற்றில் தடத்தை விட்டு இறங்கி மண்ணுக்குள் போய் நின்றேன். யாருக்கும் எதற்கும் சேதமில்லை. ஆனால் மற்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பகுதிக்கு மெதுவாகத் திரும்பிய அந்த இரண்டு நிமிட வெட்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், காற்றழுத்தம் அளக்கும் தம் கேஜைக் கொடுத்து அளக்கச் சொன்னார். இடது முன் டயரில் 47 இருந்தது. முதலில் கேஜ்தான் பழுது என்று நினைத்தேன்.

கேஜ் பழுதில்லை. மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடேறினால் அதன் அழுத்தம் கூடும். சாதாரணக் கார் டயரின் அளவில் பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் இருபது டிகிரி சூடேறினால் அதிகம். தடத்திலோ ஒவ்வொரு திருப்பத்திலும் ரப்பர் நெளிந்து தேய்கிறது, ஒவ்வொரு முறை பிரேக் அழுத்தும்போதும் டிஸ்க்கின் வெப்பம் ரிம் வழியாக உள்ளே ஏறுகிறது. காலையில் 25 டிகிரியில் இருந்த உட்காற்று எழுபத்தைந்து டிகிரியைத் தொட்டால், 38 என்பது 47 ஆவதில் வியப்பொன்றுமில்லை. நான் இதைக் கடையிலிருந்தபடியே கணக்கிட்டிருக்கலாம். மாறாக, முந்தைய வாரம் தேவகோட்டை வரை போய்வந்து, மூன்று பவுண்டுதான் ஏறியிருந்தது என்று பார்த்து நிம்மதியடைந்திருந்தேன். சாலையில் ஓட்டிப் பெற்ற எண்ணைக் கொண்டு தடத்தின் எண்ணை ஊகிக்கவே முடியாது. காற்று மிகும்போது டயரின் நடுப்பகுதி மட்டும் புடைத்துத் தரையைத் தொடுகிறது, தரையைப் பற்றும் பரப்பு சுருங்குகிறது, அந்தச் சிறிய பரப்பு மேலும் சூடாகிறது, சூடாக ஆக வழுக்குகிறது. ஐந்தாவது சுற்றில் எனக்கு நடந்தது இதுதான்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தவறு. 47 என்ற எண்ணைக் கண்ட அதிர்ச்சியில், டயர்கள் கொதித்துக்கொண்டிருந்த நிலையிலேயே நான்கிலும் காற்றை இறக்கி 30 ஆக்கினேன். ஒரே எண் நான்கு சக்கரத்திலும் இருந்தால் நியாயம்போல எனக்குத் தோன்றியது. அடுத்த செஷனுக்கு ஒன்றரை மணி நேர இடைவெளி இருந்தது, டயர்கள் ஆறின. ஆறிய பிறகு இடது முன் டயரில் 24, 25 அளவுக்குத்தான் இருந்திருக்கும். நான் மீண்டும் அளக்கவே இல்லை. இரண்டாவது செஷனில் கார் வேறொரு விதமாக முரண்டு பிடித்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையில் ஒரு தயக்கம், திருப்பத்தின் நடுவில் டயர் ரிம்மின் அடியில் மடங்குவது போன்ற தளர்ச்சி, கூடவே ஓயாத கிறீச்சொலி. மாலையில் பார்த்தபோது முன் டயர்களின் வெளியோரம் ரம்பத்தால் அறுத்தது போலிருந்தது. தேய்மானம் பக்கவாட்டுச் சுவருக்குள் ஒரு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் மிகுதியான காற்றாலும் மாலையில் குறைவான காற்றாலும் ஒரே நாளில் ஒரே டயரைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு.

அந்த நிலையிலேயே, காற்று பிடிக்காமல், இரண்டு பைகளையும் கருவிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். இரவுக் குளிரில் இடது முன் டயரில் 23 பவுண்டுக்கு மேல் இருந்திருக்க வாய்ப்பில்லை. பல்லடம், தாராபுரம், திண்டுக்கல், நத்தம் என்று மணிக்கு தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கவாட்டில் நெளிகிறது, நெளிவு வெப்பமாகிறது, ஏற்கெனவே அறுந்திருந்த ஓரம் அந்த வெப்பத்தை எவ்வளவு நேரம்தான் தாங்கும். சிங்கம்புணரி வரை தாங்கியதே அதிகம். காப்பீட்டு நிறுவனத்தை நான் அணுகவே இல்லை. நம் நாட்டுக் கார்க் காப்பீட்டு ஆவணங்களில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்ற வரி இருக்கும். தடத்தில் ஓட்டப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே தங்கள் ஆவணத்தில் அந்த வரியைப் படித்துவிடுவது நல்லது. டயர் கடையில் பழைய டயரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 3118 என்று இருந்தது. 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் காடிகளில் ஆழம் இருந்ததால் நல்ல டயர் என்று நம்பியிருந்தேன். ஆனால் ரப்பர் வயதாக வயதாக இறுகும், இறுகிய ரப்பர் எந்த அழுத்தத்திலும் சரியாகப் பிடிக்காது.

இரண்டு வாரம் காரைத் தொடவில்லை. பிறகு என்னைத் திரும்பவும் இதில் இழுத்தது எங்கள் ஐயாவின் பழைய பேரேடு. அவர் மலேயாவில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அன்றாடம் கைமாறும் தொகையை முதலில் சிட்டையில் கிறுக்குவார்கள், இரவில் அதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள், ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கோயம்புத்தூரில் ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு வந்தும், என்னிடம் எழுதப்பட்ட எண் ஒன்றுகூட இல்லை. 47 என்பது மட்டும் நினைவில் இருந்தது. மற்ற மூன்று டயர்களில் எவ்வளவு இருந்தது என்பதே தெரியாது. எழுதாத கணக்கை வைத்துக்கொண்டு காரையும் தடத்தையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்ததும், ஒரு நீள நோட்டு வாங்கி, டயருக்கு ஒரு பத்தியாக நான்கு பத்தி கோடு போட்டேன்.

எழுதுவதற்கு முன்னால் அளக்கும் கருவியை நம்ப முடிய வேண்டும். என்னிடமிருந்த பேனா வடிவக் கேஜ், பஞ்சர் கடை மீட்டர், பெட்ரோல் பங்க்கின் தானியங்கிக் கருவி ஆகிய மூன்றையும் ஒரே டயரில், ஒரே காலையில், ஐந்து நிமிட இடைவெளிக்குள் வைத்துப் பார்த்தேன். 32, 29, 33 என்று காட்டின. எது உண்மை என்பதை அறிய, சான்றளிக்கப்பட்ட கருவி வைத்திருந்த ஒரு லாரிப் பட்டறையில் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு 1,900 ரூபாய் கொடுத்து, குழாயுடனும் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றும் பொத்தானுடனும் கூடிய கேஜ் ஒன்றை வாங்கினேன். அது உண்மையான அழுத்தத்தைவிட அரை பவுண்டு கூட்டிக் காட்டினாலும் பெரிய கேடில்லை. எப்போதும் அதே ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு நாள் ஒருவரின் கேஜ், மறுநாள் இன்னொருவரின் கேஜ் என்று அளந்தால், மூன்று பவுண்டு வேறுபாடு டயரிலா கருவியிலா என்பது கடைசி வரை புரியாது. அதோடு, காரின் மின்சாரத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றும் வாங்கினேன். எட்டு பவுண்டு ஏற்ற அது நான்கைந்து நிமிடம் எடுக்கும். ஆனால் தடத்தின் அருகே யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை, புதிய முன் டயர்களுடன் ஆனி மாதத்தில் போனேன். முதல் நாள் இரவே கோயம்புத்தூரில் தங்கினேன். ஐந்து மணி நேரம் ஓட்டிவந்த டயரை உடனே அளந்தால் அது குளிர்ந்த அளவாகாது. குளிர்ந்த அளவு என்பது, குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல், வெயில் படாமல் நின்ற டயரின் அளவு. வெயில் படாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: கிழக்கு வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் விழும்படி நிறுத்திய காரில், இடதுபக்க டயர்கள் வலதுபக்க டயர்களைவிட ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டியதை நானே பார்த்தேன். விடியலில் நிழலில் நின்ற காரின் நான்கு டயர்களிலும் 32 வைத்தேன். நேரம், காற்றின் வெப்பநிலை, நான்கு எண்கள் ஆகியவற்றை எழுதினேன். முதல் சுற்றை மிக மெதுவாகவும், அடுத்த ஐந்து சுற்றுகளை ஒரே சீராகவும் ஓட்டிவிட்டு, சூட்டை ஆற்றும் மெதுவான சுற்று எதுவும் போகாமல் நேராகப் பிட்டுக்கு வந்து அளந்தேன். பிட்டில் நின்ற முதல் நிமிடத்திலேயே வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே எப்போதும் இடது முன், வலது முன், இடது பின், வலது பின் என்று ஒரே வரிசையில் அளந்தேன். சூடான காரில் கைப்பிரேக்கை இழுக்கக் கூடாது, பிரேக் பட்டைகள் சூட்டோடு பதிந்துவிடும் என்பதால், சக்கரத்தின் அடியில் வைக்க ஒரு செங்கல் துண்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். கிடைத்த எண்கள் 40, 39, 36, 35 அரை. சட்டென்று நிறைய விஷயங்கள் விளங்கின. முன் டயர்கள் ஏழெட்டு பவுண்டு ஏறின, பின் டயர்கள் நான்கு பவுண்டைத் தாண்டவில்லை. எஞ்சினின் எடை, திருப்பும் வேலை, இழுக்கும் வேலை, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாமே முன் சக்கரத்தில் இருக்கும் காரில் வேறு எப்படி இருக்கும். வலஞ்சுழியாகச் சுற்றும் தடத்தில் எடை பெரும்பாலும் இடப்பக்கம் சாய்வதால் இடது முன் டயரே அதிகம் வதைபடும். நான்கிலும் ஒரே எண்ணை வைத்த என் பழைய நியாயம் எவ்வளவு பெரிய அநியாயம் என்பது அப்போது தெரிந்தது.

அடுத்து, எந்தச் சூடான எண் நல்லது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓட்டும் நேரத்தில் டயரில் இருப்பது சூடான எண்தான். குளிர்ந்த எண், அந்தச் சூடான எண்ணில் போய்ச் சேர்வதற்கு நாம் வைக்கும் தொடக்கம் மட்டுமே. இதற்கு எனக்கு மிகவும் உதவிய கருவி, அப்பத்தா வாசலில் மழைநாட்களில் கோலம் போட வைத்திருக்கும் சாக்பீஸ். டயரைத் துடைத்துவிட்டு, தரையைத் தொடும் பகுதியான டிரெட்டின் ஓரத்திலிருந்து பக்கவாட்டுச் சுவர் வரை, ஒவ்வொரு டயரிலும் மூன்று இடங்களில் பட்டையாகக் கோடு போட வேண்டும். எங்கள் ஊர்ச் செம்மண் ஒட்டியிருந்தால் கோடு நிற்காது. ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பிறகே போட வேண்டும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், எதுவரை டயர் தரையில் உருண்டதோ அதுவரை சாக்பீஸ் அழிந்திருக்கும். பெரும்பாலான டயர்களின் ஓரத்தில் சிறிய முக்கோணம் ஒன்று அச்சாகியிருக்கும். தேய்மானக் காட்டி எங்கே இருக்கிறது என்று சுட்டுவதற்காக வைக்கப்பட்டது அது, ஆனால் தடத்தில் ஓட்டுகிறவர்கள் அதையே எல்லைக்கல்லாக வைத்துக்கொள்கிறார்கள். அழிவு முக்கோணத்தின் நுனிக்கு அருகில் நின்றால் நன்று. தாண்டிப் போனால் காற்று குறைவு. டிரெட்டின் விளிம்பையே தொடவில்லையென்றால் காற்று மிகுதி.

வெப்பமானி விஷயத்தில் மீண்டும் ஒரு முறை ஏமாந்தேன். தொடாமல் அளக்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்றை வாங்கிப் போயிருந்தேன்; அது மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும், மேற்பரப்போ பிட் பாதையில் உருண்டு வருவதற்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி ஆறிவிடுகிறது. அங்கு அடிக்கடி ஓட்டும் ஒருவர், ஊசியை ரப்பருக்குள் சிறிது செலுத்தி அளக்கும் வெப்பமானியை இரவல் கொடுத்தார். இடது முன் டயரில் வெளியோரம் 84, நடு 78, உள்ளோரம் 71 என்று வந்தது. நடுப்பகுதி இரு ஓரங்களின் சராசரியைவிடச் சூடாக இருந்தால் காற்று மிகுதி, குளிர்ச்சியாக இருந்தால் குறைவு என்பது பொதுவிதி. என் டயரில் நடு ஏறத்தாழ சராசரிக்கு இணையாகவே இருந்தது. வெளியோரம் மட்டும் அவ்வளவு சூடாவதற்குக் காற்று காரணமன்று. சாலைக்காகச் செய்யப்பட்ட காரில் சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கமாகச் சாய்ந்திருப்பது மிகக் குறைவு, திருப்பத்தில் கார் சாயும்போது டயர் வெளியோரத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. இதைக் காற்றால் சரிசெய்ய முயன்றால், ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையை உண்டாக்குவோம். நல்ல வேளையாக அவர் இதைப் பொறுமையாக விளக்கினார். இல்லையென்றால் அன்று முழுவதும் காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

சூடான நிலையில் முன் டயர்களை 37இல் தொடங்கி, ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் ஒரு பவுண்டு வீதம் இறக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதால் பின் டயர்களைத் தொடவில்லை. 37இல் பழைய சோப்பு வழுக்கல் சிறிது இருந்தது. 35இல் என் சுற்று நேரம், 40இல் ஓட்டியதைவிட ஏறத்தாழ முக்கால் நொடி குறைந்தது. அதைவிட முக்கியமாக, ஆறாவது சுற்றிலும் கார் மூன்றாவது சுற்றில் போலவே திரும்பியது. மறுநாள் 33 வரை இறக்கிப் பார்த்தேன். நேரம் மாறவில்லை, ஆனால் சாக்பீஸ் முக்கோணத்தைத் தாண்டி அழிந்திருந்தது. ஒரே நேரத்தைத் தரும் இரண்டு எண்களில் டயரைத் தின்னாத எண்ணே எனக்குப் போதும் என்று 35இல் நின்றேன். பின் டயர்களுக்கு 34 பொருந்தியது. இதைத் திருப்பிக் கணக்கிட்டால், 25 டிகிரிக் காலையில் இடது முன் 28, வலது முன் 29, பின் இரண்டும் முப்பதரை என்று வைத்துத் தொடங்க வேண்டும். இந்த எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இவை என் காரின், என் டயரின், என் ஓட்டுதலின் எண்கள். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் டயர்களுக்கு இவை சற்றும் பொருந்தா.

நண்பகலில் ஒரு சிக்கல் வரும். விடியலில் 28 வைத்த டயர், ஓடாமல் நின்றாலும், 36 டிகிரி வெயிலில் ஏறத்தாழ இருபத்தொன்பதரை காட்டும். இதைப் பார்த்து, கூடிவிட்டதே என்று மீண்டும் 28க்கு இறக்கினால், சத்தமில்லாமல் ஒன்றரை பவுண்டு திருடு போகும். மாலையில் டயர் ஏன் மடங்குகிறது என்று தெரியாமல் விழிப்போம். முதல் செஷனுக்குப் பிறகு குளிர்ந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சூடாக வந்திறங்கியவுடன் 35க்குச் சரிசெய்வதோடு சரி. காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை, கோயம்புத்தூர் நானூறு மீட்டருக்கு மேல். அந்த உயர வேறுபாட்டால் கேஜ் அரை பவுண்டு கூட்டிக் காட்டும் என்பதையும் ஒரு நாள் கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், ஆனால் கேஜின் பிழையே அவ்வளவு இருக்கும்போது அதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நைட்ரஜன் பிடித்தால் அழுத்தமே ஏறாது என்று சொல்லப்பட்டதை நம்பி ஒரு முறை பணம் கொடுத்தேன். ஏழரை பவுண்டு ஏறியது. சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதன் உண்மையான நன்மை அது ஈரமற்றது என்பதே. கம்பிரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீர் காற்றோடு டயருக்குள் போனால், அது சூட்டில் ஆவியாகி அழுத்தத்தை எதிர்பார்த்ததைவிட ஏற்றிவிடும். இதைக் கடைவீதி அண்ணனிடம் சொன்னபோது அவர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து காட்டினார். ஒரு சொம்பு அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. "இம்புட்டுமா காத்தோட போச்சு?" என்று அவரே திகைத்துவிட்டார்.

ஐப்பசி தொடங்கும் முன், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள 3.7 கிலோமீட்டர் தடத்திலும் ஒரு நாள் ஓட்டினேன். கோயம்புத்தூர் எண்களை அப்படியே வைத்துத் தொடங்கியதில் இடது முன் டயர் 36 அரைக்கு ஏறியது. இன்னொரு பவுண்டு குறைத்துத் தொடங்க வேண்டியிருந்தது. வேகம் வேறு, திருப்பங்கள் வேறு, தரை வேறு. ஆனால் இம்முறை அந்தப் புதிய எண்ணைப் பிடிக்க ஒரே ஒரு செஷன்தான் ஆயிற்று, ஏனென்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது நோட்டில் இருந்தது.

இப்போது நான் தடத்தில் கடைசிக் கொடி விழுந்தவுடன் கிளம்புவதில்லை. கார் ஒரு மணி நேரமாவது நிழலில் நிற்கும். அதற்குள் சாக்பீஸ் தடங்களைப் பார்த்து, சிட்டையில் கிறுக்கியதைப் பேரேட்டில் ஏற்றிவிடுவேன். பிறகு டயர்களின் பக்கவாட்டை உள்பக்கமும் கையால் தடவி, வெட்டோ புடைப்போ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பம்ப்பை மாட்டி நான்கையும் 32க்கு ஏற்றுவேன். டயர் இன்னும் கை சுடும் அளவுக்கு இருந்தால் 34, 35 வரை ஏற்றிக்கொண்டு, வழியில் ஆறிய பிறகு ஒரு முறை சரிபார்ப்பேன். ஸ்டெப்னியையும் அளக்கிறேன், அதற்கென்று நோட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று போட்டிருக்கிறேன். அப்பத்தாவுக்கு இதெல்லாம் என்னவென்று புரியாது. ஆனால் புறப்படும் நாளில் சாக்பீஸ் டப்பாவைத் தானே எடுத்து வந்து காரின் முன்னிருக்கையில் வைத்துவிடுகிறார்.